ஒரு கட்டில் கேட்ட மச்சாளுக்கு

என் ஆசை மச்சாள் தங்கேஸ்வரிக்கு,

அந்த வீட்டை இன்றைக்குத் திறந்துவிட்டார்கள். இதை முதல் வரியிலேயே உமக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். நீர் இருந்திருந்தால், நான் சப்பாத்தைக் கழற்ற முன்னமே வாசலில் வைத்துக் கையைப் பிடித்து உலுக்கியிருப்பீர். "என்ன நடந்தது மச்சாள், சொல்லுங்களன்!" இன்றைக்கு வாசலில் ஒருவரும் இல்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

எங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில்தான் திறந்திருக்கிறார்கள். பஸ்ஸால் இறங்கினால் கூப்பிடு தூரம். செங்கல் வீடு, முன்னால் ஒரு மேப்பிள் மரம், இலை எல்லாம் சிவந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. போதைப் பழக்கத்தில் அகப்பட்ட பதின்ம வயதுப் பிள்ளைகள் அங்கே தங்கியிருந்து வைத்தியம் பெறலாம். செலவு அரசாங்கத்தினுடையது. மேல்மாடியில் கட்டில்கள் போட்டு நீலப் போர்வை விரித்திருக்கிறார்கள். ஒன்றைக் கையால் அமத்திப் பார்த்தேன். நல்ல மெத்தை, மச்சாள். நீர் என்றால் ஏறிப் படுத்தே பார்த்திருப்பீர்.

இதை எங்கள் சனம் இங்கே நடத்துகிற பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உம்முடைய மகன் சுதனிடம் கேட்டேன். "என்ர பேரையும் போடுங்கோ மாமி. இவ்வளவு நாளும் ஒளிச்சது காணும்" என்றான். ஆகவே உம்மைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். உமக்குத் தெரிந்த கதையையே உமக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும்.

என் அண்ணை மட்டக்களப்பில் வங்கி வேலைக்குப் போன இடத்தில் உம்மைக் கண்டு கலியாணம் செய்தார். பிறகு கொழும்புக்கு மாற்றலானார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வேலைக்குப் போனவரை உங்கள் வீதியிலேயே வைத்துக் கொன்றார்கள். பக்கத்து வீட்டு மாடியில் ஒளித்திருந்த உம்முடைய மகன் சுதன் அதை ஜன்னலால் பார்த்தான். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அடுத்த ஆண்டு நீரும் அவனும் ரொறன்ரோ வந்து இறங்கினீர்கள். நான் அதற்கு முதலே இங்கு வந்து, ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில் ரைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் அப்பாட்மென்ற் மூன்று பேருடைய வீடானது.

முதல் கிழமை முழுக்க நீர் என்னோடு முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தது நினைவிருக்கிறதா? நான் உம்மை "நீர்" என்று கூப்பிட்டது மரியாதைக் குறைவாம். "எங்கட யாழ்ப்பாணத்தில ஒத்த வயதுக்காரர் அப்பிடித்தான் கதைக்கிறது" என்று நான் விளங்கப்படுத்தியபோது, "அப்ப நான் உங்கள நீங்க எண்டுதான் கூப்பிடுவன், ஒராள் எண்டாலும் மரியாதையா இரிக்கணும்" என்றீர். அன்றைக்குத்தான் நாங்கள் முதல்முறை சேர்ந்து சிரித்தோம். அண்ணை போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பும் அதுதான்.

நீர் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்கிற வேலைக்குப் போனீர். சுதன் பள்ளிக்கூடம் போனான். கெட்டிக்காரன். ஆறு மாதத்தில் என்னைவிட நல்ல இங்கிலிஸ் பேசினான். ஆனால் அவன் நித்திரை கொள்வதில்லை. கண்ணை மூடினால் அந்த ஜன்னல் வரும் என்று பிறகு ஒரு நாள் எனக்குச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பெடியன் கஞ்சாச் சுருட்டு ஒன்றைக் கொடுத்தானாம். அன்றைக்கு அவன் கனவில்லாமல் தூங்கினானாம்.

"அதுதான் மாமி முதல்நாள். எனக்கு வெறி வேணுமெண்டு இல்லை. நித்திரை வேணுமெண்டு இருந்தது."

கஞ்சா போதாமல் போனதும் குளிசை, போதை மாத்திரை, வந்தது. என்ன குளிசை, எங்கே வாங்கினான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பதினாறு வயதுப் பிள்ளை பகலில் தூங்கி வழிந்தால் தாய் என்ன நினைப்பாள்? வளருகிற வயது என்று நினைத்தோம். சாப்பிடாமல் மெலிந்தபோது இங்கத்தைய சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்தோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீர் பிளாசாவில் உடுப்புத் தோய்க்கிற கடையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றீர். சுதன் சோடா மெஷினுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து நான் ஓடி வந்தபோது அவனுடைய தலை உம்முடைய மடியில் இருந்தது. "மனே, மனே" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தீர். உம்முடைய ஊர்த் தாய்மார் மகனைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை அந்தக் கடையில் நின்ற சீனக்காரியும் வெள்ளைக்காரரும் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டிருப்பார்கள். ஆனால் என்ன சொல்கிறீர் என்று ஒவ்வொருவருக்கும் விளங்கியது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். அதற்கு நான் என்றைக்கும் நன்றியாக இருப்பேன். அடுத்த நாள் காலை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். "இந்தப் பழக்கத்துக்கு மருந்து?" என்று கேட்டோம். அதற்குத் தனி இடம் வேண்டும் என்றார்கள். அங்கே இருந்த சமூகசேவகி, சின்னப் பெண், பாவம், எங்கள் முன்னாலேயே இருந்து ஒவ்வொரு இடமாகப் போன் அடித்தாள். பெரியவர்களுக்கான இடங்கள் பதினெட்டு வயது முடியாதவர்களை எடுக்கமாட்டாவாம். பிள்ளைகளுக்கென்று இருந்த இடத்தில் அடுத்த வருடம்தான் பார்க்கலாமாம்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி வந்தது. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது, செலவை இங்கத்தைய அரசாங்கமே கொடுக்கும் என்றாள். நீர் என் முகத்தைப் பார்த்தீர். உங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. எல்லை தாண்டினால் திரும்பி வர முடியாது. நான் அதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் போனை வைத்தாள்.

நீர் மெல்லக் கேட்டீர். "அங்க கட்டில் வாங்கக் காசு இரிக்கு. அதே காசுல இங்க ஒரு கட்டில் போட ஏலாதா? இதக் கேளுங்க மச்சாள்."

கேட்டேன். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. தானும் அதைத்தான் மேலிடத்தில் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். நான் லீவு போட்டேன், நீர் வேலையை விட்டீர். அவன் நடுங்கினான், சத்தி எடுத்தான், வியர்வையில் தலையணை ஊறியது. ஒரு பகல், கரண்டியால் அரிசிக் கஞ்சி பருக்கிக்கொண்டு நீர் சொன்னீர்: "கஞ்சாவ விட்டுப்போட்டுக் கஞ்சியக் குடி மனே." அந்த நடுக்கத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஞ்சி மூக்கால் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் குசினியில் நின்று அழுதேன். பிழைத்துவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தான். பிறகு மறுபடியும் குளிசை.

அப்போது கோயில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கையில், எல்லோராலும் மதிக்கப்படுகிற ஒரு அங்கிள் எங்களைத் தனிய அழைத்தார். நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பிள்ளையள், இந்த விசயத்தை வெளியில கதைச்சுக்கொண்டு திரியாதேங்கோ. இப்பதான் எங்கட சனம் இஞ்ச வந்து காலூண்டுது. பேர் கெட்டுப்போம்."

"எங்கட பேர நீங்க வச்சிக்கோங்க அங்கிள்" என்றீர். "எனக்குப் பிள்ள போதும்."

அவர் திரும்பிப் போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். அண்ணை ஏன் உம்மைக் கட்டினார் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது.

அந்தச் சமூகசேவகிதான் ஒரு நாள் போன் எடுத்துச் சொன்னாள். கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா என்று ஒட்டாவாவிலிருந்து மத்திய அரசாங்கத்தின் குழு ஒன்று வந்து நகர நடுவில், டவுன்ரவுனில், மக்களிடம் கருத்துக் கேட்கிறதாம். யாரும் பேசலாமாம். "நாம போவம்" என்றீர். "இங்கிலிஸ்?" என்றேன். "அதுக்குத்தானே நீங்க இரிக்கீங்க."

உமக்குப் பச்சைச் சேலை, அதற்கு மேல் என் பழைய குளிர்க்கோட்டு, காலில் பனிச்சப்பாத்து. மண்டபத்தில் எங்களைத் தவிர எல்லோரும் கோட்டும் சூட்டும். முதலில் ஒரு பேராசிரியர் பேசினார். கஞ்சாவை அனுமதித்துவிட வேண்டும், பிடித்து மறியலில் போடுகிற செலவு மிச்சம், கடையில் விற்றால் வரியும் வரும், அந்தப் பணத்தை வைத்தியத்துக்குக் கொடுக்கலாம் என்றார். நான் உம்முடைய காதுக்குள் மொழிபெயர்த்தேன். "இவர் சொல்றது சரி போல இரிக்கு" என்றீர். அடுத்து ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். அனுமதித்தால் பள்ளிக்கூட வாசலிலேயே விற்பார்கள், சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்றார். "இவர் சொல்றதும் சரி போலதான் இரிக்கு" என்றீர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு பேர்ட வீட்டுலயும் விழுந்த பிள்ள இரிக்கா எண்டு கேளுங்க மச்சாள்" என்றீர்.

எங்கள் முறை வந்தது. நீர் சுதனுடைய கதையைச் சொன்னீர், நான் துண்டு துண்டாக இங்கிலிஸில் சொன்னேன். மேசையில் இருந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மணி, இந்தக் குழுவுக்கு ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்கிற பக்கமா, கூடாது என்கிற பக்கமா?" என்று கேட்டார்.

உம்முடைய பதிலை நான் இன்றும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன்.

"கஞ்சாவ நான் சின்ன வயசிலயே கண்டிரிக்கன் ஐயா. எங்கட பக்கம் வைத்தியர் மருந்துல போடுவார், சில வீட்டுல இறைச்சிக் கறியிலயும் போடுவாங்க. கஞ்சாவுக்கு நான் பயமில்ல. என்ட மகன் அத ஏன் தேடிப் போனான் எண்டதுக்குத்தான் பயம். நீங்க சட்டத்தத் திறங்க, இல்லாட்டிப் பூட்டுங்க. திறந்தாலும் சில பிள்ளைகள் விழும், பூட்டினாலும் சில பிள்ளைகள் விழும். விழுந்த பிள்ளையப் படுக்க வைக்க ஒரு கட்டில் வேணும். காலையில இருந்து இங்க ஒருவரும் அதப் பத்திக் கதைக்கல்ல."

நான் மொழிபெயர்த்து முடித்தேன். குழுத் தலைவர் பேனையைக் கீழே வைத்தார். சட்டம்தான் தங்களுடைய வேலை, வைத்தியமும் கட்டில்களும் மாகாண அரசாங்கத்தின் பொறுப்பு என்று விளங்கப்படுத்தினார். உமக்குச் சொன்னேன்.

"மாகாணத்துக்காரங்க எங்க இரிக்காங்க? பஸ் போகுமா?"

அதை அப்படியே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றீர். நீர் உண்மையாகவே வழி கேட்கிறீர் என்று தலைவருக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பை விட்டுவிட்டு, "சப்வே ரயில் போகும், அம்மணி" என்றார்.

வெளியே வந்தபோது ஒரு ஜமேக்காப் பெண் ஓடி வந்து உம்மைக் கட்டிப்பிடித்தாள். டொறீன். முதியோர் இல்லமொன்றில் வேலை, ஒரே மகள் ஷாரன். ஷாரனுக்கும் சுதனுக்கு வந்த அதே வியாதி. அன்றையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் சோடி. அவளுக்குத் தமிழ் தெரியாது, உமக்கு இங்கிலிஸ் மட்டுமட்டு. நான் வேலைக்குப் போகிற நாளில் நீங்கள் என்ன பாஷையில் கதைத்தீர்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மாகாண அரசாங்கத்தின் கட்டடத்து வாசலில், பனியிலும் வெயிலிலும் போய் நின்றீர்கள். சிலர் உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார்கள். சிலர் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். நீங்கள் அடுத்த மாதமும் போனீர்கள். உங்களோடு வேறு தாய்மாரும் சேர்ந்தார்கள்.

வயிற்று வலி என்று நீர் சொல்லவே இல்லை. டொறீன்தான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் படியில் நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டீராம். டொக்டர் பார்த்தபோது பிந்திவிட்டது.

ஆஸ்பத்திரியில் உம்மை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்பு, ஏற்றவும் இறக்கவும் கூடிய கட்டில். நான் உள்ளே வந்ததும் நீர் அந்தக் கட்டிலின் கம்பியைத் தட்டிக் காட்டினீர்.

"பாத்தீங்களா மச்சாள், கேக்காத எனக்குக் கட்டில் தந்திரிக்காங்க. கேட்ட பிள்ளைக்குத்தான் இல்ல."

பகிடியாகத்தான் சொன்னீர். எனக்கு அந்தப் பகிடியை இன்னும் தாங்க முடியவில்லை.

எண்பத்தேழு மாசியில் நீர் போனீர். இங்கே கொள்ளி இல்லை. ஒரு பொத்தானை அமத்த வேண்டும். சுதன்தான் அமத்தினான். பிறகு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். அதைப் பார்த்து நான் ஆறுதல்பட்டேன். மூன்றாம் நாள் அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான்.

அந்தக் கிழமைகளைப் பற்றி உமக்கு எழுத எனக்கு மனமில்லை. கடைசியில் ஷாரன் அவனை டவுன்ரவுனில் ஒரு டோனட் கடையில் கண்டாள். தானே தள்ளாடிக்கொண்டிருந்த பிள்ளை, தாய்க்குப் போன் அடித்துச் சொன்னாள். நானும் டொறீனும் போனோம். அவன் என்னைக் கண்டதும் எழும்பவில்லை, ஓடவும் இல்லை. "மாமி, பசிக்குது" என்றான். உம்முடைய பிள்ளை என்னிடம் கேட்டது அவ்வளவுதான். நான் கூட்டிக்கொண்டு வந்து சோறு போட்டேன்.

பிள்ளைகளுக்கான இடம் இன்னும் வரவில்லை. பெரியவர்களுக்கான இடத்துக்கு இன்னும் வயது வரவில்லை. அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாள் வரைக்கும் அவனை உயிரோடு வைத்திருப்பதுதான் என் வேலையாக இருந்தது, மச்சாள். வேறு ஒரு வேலையும் நான் செய்யவில்லை. அலுவலகத்தில் ரைப் அடித்தது கை மட்டும்தான். எத்தனை நாள் உம்முடைய படத்துக்கு முன்னால் நின்று, "நீர் எனக்கு இதைத் தந்துவிட்டு எங்கே போனீர்?" என்று கேட்டிருக்கிறேன் தெரியுமா? பதில் சொல்லாத ஆளா நீர்?

பிறந்தநாள் வந்தது. கேக்கை வெட்டிவிட்டு அடுத்த கிழமையே கொண்டுபோய் விட்டேன். அங்கே எல்லோரும் நாற்பது, ஐம்பது வயது ஆம்பிளைகள். குடித்துக் குடும்பத்தைத் தொலைத்தவர்கள். அவர்களுக்கு நடுவில் இவன் ஒரு குஞ்சு. ஆனாலும் தாக்குப்பிடித்தான். ஜன்னலில் கண்டதை முதன்முதலாக அங்கேதான் ஒரு டொக்டரிடம் வாய்விட்டுச் சொன்னானாம். பனி கரைகிற நேரம் வீட்டுக்கு வந்தான். கோடையில் ஒரு தரம் சறுக்கினான். அடுத்த நாள் தானே வந்து, "மாமி, நேற்று எடுத்திட்டன். இண்டைக்கு எடுக்கேல்லை" என்றான். போன ஞாயிறு மத்தியானம் சோபாவில் தானாக நித்திரையாகிப் போனான். நான் கேத்தில் கூவ முன்னம் ஓடிப்போய் அடுப்பை நிற்பாட்டினேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணையின் மூக்கு, உம்முடைய வாய்.

இப்போது வீட்டுக் கதைக்கு வருகிறேன். இந்த வசந்தத்தில்தான் மாகாணம் பிள்ளைகளுக்கான கட்டில்களுக்குப் பணம் ஒதுக்கியது. வீடு பார்த்தார்கள். அக்கம்பக்கத்துச் சனம் எழும்பியது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். தங்கள் வீடுகளின் விலை விழும் என்றார்கள், தங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். ஒருவர் எழும்பி, நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் நல்ல பண்ணை வீடுகள் கிடக்கின்றன, சுத்தமான காற்று, அங்கே கொண்டுபோய் வைக்கலாமே என்றார். பலர் கைதட்டினார்கள். டொறீன் இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டாள்: "அங்கே பஸ் இல்லை, சேர்! என் மகளைப் பார்க்க நான் பறந்தா போவது?"

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன். பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், மச்சாள். நீர் ஏதாவது சொல்வீர், அதை நான் இங்கிலிஸில் சொல்லலாம் என்று வாய் காத்துக்கொண்டு நின்றது. அந்தக் கதிரையில் யாரோ தங்கள் கோட்டை வைத்திருந்தார்கள். நானாகப் பேச வேண்டியிருந்தது. என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. "நீங்கள் பயப்படுகிற பிள்ளைகள் ஏற்கனவே உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். எங்களுடைய பிள்ளைகள் மட்டுமில்லை" என்று சொன்னது நினைவிருக்கிறது. பின்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எழும்பி, தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த புருஷன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் கையை உதறிவிட்டு நின்றே பேசினாள். அதற்குப் பிறகு ஸ்ரௌவ்வில் கதையை ஒருவரும் எடுக்கவில்லை.

இன்றைக்குத் திறப்பு விழாவில் ஒரு அரசியல்வாதி நாடா வெட்டினார். நன்றி சொல்ல வேண்டிய பெயர்களைப் படித்தார். உம்முடைய பெயர் அதில் இல்லை. நான் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அவர் முடித்துக் கைதட்டல் தொடங்குகிற நேரம், தான் உம்மைக் கூப்பிடுகிற மாதிரியே டொறீன் கத்தினாள்: "அண்ட் டாங்கேஸ்!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது ஆளா, கொம்பனியா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் கைதட்டினார்கள். உமக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது, மச்சாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

முதலாவதாக உள்ளே போன பிள்ளை ஷாரன். அவளுக்குப் பதினாறு நடக்கிறது. சுதனுக்குப் பதினெட்டு முடிந்து பத்தொன்பதும் வந்துவிட்டது; அவனுக்கு அங்கே இடமில்லை. ஷாரனின் பையை அவன்தான் மேலே தூக்கிக்கொண்டு போனான். பையை வைத்துவிட்டு ஒரு கட்டிலின் ஓரத்தில் இருந்தான். நான் வாசலில் நின்றேன். எனக்கு மனதில் என்ன ஓடியது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அம்மா இன்னும் கொஞ்சம் வேளைக்குக் கேட்டிருக்கலாம் எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேங்கோ மாமி" என்றான். "அவையள் வேளைக்குத் தந்திருக்கலாம்."

எழும்பிப் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கினான்.

பேப்பரில் இன்னும் அந்தக் கஞ்சாச் சட்டச் சண்டை ஓயவில்லை. திற என்கிறார்கள், பூட்டு என்கிறார்கள். உம்மைப்போல எனக்கும் இரண்டு பக்கமும் சரிபோலத்தான் படுகிறது. வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறேன். இதைப் பற்றி யாரோடு கதைப்பது? சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கப் போனால், பெரிய விரிப்பை மடிக்க மறுபக்கம் பிடிக்க ஆளில்லை. தெரியாத யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் பிடிக்கிறார்கள். ஆனாலும் நீர் இல்லையே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்கு ஒரு வருடத்துக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த பங்குனியில் திரும்பவும் போய்க் கேட்க வேண்டும். தருவார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. நான் இப்போதே லீவு கேட்டு வைத்துவிட்டேன். டொறீனும் வருகிறாள். அந்தக் கூட்டத்தில் எழும்பின வெள்ளைக்காரப் பெண் தன் புருஷனையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம்.

பங்குனியில் இல்லையென்றால் சித்திரையில் போவோம். ஆட்கள் மாறினால் புது ஆட்களிடம் முதலிலிருந்து சொல்வோம். நான் களைத்துப்போகிற நாள் வரும், அன்றைக்கும் போவேன். அந்த வீட்டில் ஒரு கட்டிலைக்கூட வெளியே எடுக்க விடமாட்டேன். இது உமக்கு நான் தருகிற சொல், மச்சாள். உம்முடைய மகனை எனக்கு விட்டுவிட்டுப் போனீர். அவன் இப்போது பக்கத்து அறையில் ரேடியோவைப் போட்டுவிட்டுத் தனக்குத் தானே ஏதோ பாடிக்கொண்டிருக்கிறான். சுருதி சுத்தமாக இல்லை. நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இங்கே உம்முடைய பிள்ளைக்கு மாமியாகவும்,
எங்கே இருந்தாலும் உமக்கு மச்சாளாகவும்,
சறோ